தன்மானமும் தன்மோகமும்: மலையக உளமருத்துவ நோக்கில் ஒரு விளக்கம்

மானம், செருக்கு என்னும் இரண்டும் புறத்தே நோக்குவார்க்கு ஒன்றுபோலத் தோன்றுவன. நிமிர்ந்த தலை இரண்டிற்கும் உண்டு. எளிதில் வளையாத சொல்லும் இரண்டிற்கும் உண்டு. ஆயினும் முன்னையது உடற்கட்டுப் போன்றது. பின்னையது வீக்கம் போன்றது. வீங்கிய உடலைப் பருத்த உடலென மயங்கும் வைத்தியர் நோயாளியைக் கைவிடுகின்றார். பருத்த உடலை வீங்கிய உடலென மயங்குபவரோ நலமுள்ளவனை நோயாளி ஆக்குகின்றார். உள்ளத்தின் துறையிலும் இவ்விரு பிழைகளும் நிகழ்தல் கூடும். தலைமுறை பலவாகத் தலைகுனியப் பழக்கப்பட்ட மக்கள் வாழும் மலையகத் தோட்டங்களில் இப்பிழைகளுக்கு இடம் மிகுதி. ஆதலின் தன்மோகம் என்னும் உளநிலையின் இயல்பையும், அதனை இனங்காணும் முறையையும், அதற்குரிய சிகிச்சையையும் அம்மண்ணின் வரலாற்றோடு இயைத்து ஆராய்தல் பயனுடைத்து.

பெயரும் வரலாறும்

தன்மோகத்தை மேனாட்டார் நார்சிசம் என வழங்குவர். கிரேக்க புராணத்தில் வரும் நார்சிசஸ் என்னும் இளைஞன் பேரழகன்; தன்னை விரும்பிய எவரையும் ஏறெடுத்தும் பாராதவன். அவனை விரும்பிய எக்கோ என்னும் வனதேவதை பிறர் கூறியதன் கடைச்சொல்லை மட்டுமே திரும்பக் கூற வல்லவள். அவன் ஒருநாள் நீர்நிலையொன்றிலே தன் நிழலைக் கண்டு, அது தன் உருவமென்று அறியாது காதலுற்று, அவ்விடம் விட்டகல மாட்டாமல் மெலிந்து மாய்ந்தான். உரோமப் புலவர் ஓவிட் இக்கதையை விரித்துப் பாடியுள்ளார். இக்கதையில் இரண்டு செய்திகள் ஊன்றி நோக்கத்தக்கன. அவன் விரும்பியது தன்னையன்று, தன் நிழலையே என்பது ஒன்று. அவனருகே நின்றவளுக்குச் சொந்தக் குரல் இல்லாது போயிற்று என்பது மற்றொன்று. இந்நோயின் இரு பெருந் துயரங்களும் இவற்றுள் அடங்கிவிட்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹவ்லொக் எல்லிஸ், பால் நெக்கே ஆகியோர் இக்கதையின் பெயரை உளவியலுக்குள் கொணர்ந்தனர். 1914-ஆம் ஆண்டிலே சிக்மண்ட் பிராய்ட் இப்பொருள் பற்றித் தனிக் கட்டுரையொன்று வரைந்தார். தன்னிடத்து அன்பு பாராட்டுதல் குழந்தைப் பருவத்தின் இயல்பு என்பதும், அதன் ஒரு கூறு வளர்ந்தோரிடத்தும் தன்மதிப்பாக நிலைபெறும் என்பதும் அவர்தம் கருத்துக்கள். பெற்றோர் தம் வாழ்வில் எய்தாத கனவுகளையெல்லாம் குழந்தையின் மீது ஏற்றி, அதனை அரசனாக முடிசூட்டி மகிழ்வர் என்றும் அவர் காட்டினார். வியன்னாவைச் சேர்ந்த அல்பிரட் அட்லரோ, உயர்வு நாடும் வேட்கையின் அடியிலே தாழ்வுணர்ச்சி ஒளிந்திருத்தலை எடுத்துரைத்தார்.

வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய இருவர் பின்னாளில் இவ்வாராய்ச்சியை வளர்த்தனர். ஹைன்ஸ் கோஹுட் என்பவர் 1971-இல் வெளியிட்ட நூலில், குழந்தையின் உள்ளம் உருப்பெற இரண்டு வேண்டுமென்றார். குழந்தையைக் கண்டு மலரும் முகம் ஒன்று. குழந்தை அண்ணாந்து நோக்கித் தன்னுடையதெனப் பெருமிதங் கொள்ளத்தக்க பெரியவர் ஒருவர் மற்றொன்று. இவை போதாவிடின், குழந்தைப் பருவத்துப் பெருமிதம் பக்குவமடையாது உள்ளத்தின் ஒரு மூலையிற் பழைய உருவோடு தேங்கிநின்று, வளர்ந்த பின்னரும் பாராட்டை இரந்துகொண்டேயிருக்கும் என்பது அவர் கொள்கை. ஒட்டோ கேர்ன்பேர்க் என்பவர் 1975-இல் வெளியிட்ட நூலில், அப்பெருமிதத்தைச் சினத்திற்கும் பொறாமைக்கும் எதிரே எழுப்பப்பட்ட கோட்டைமதில் எனக் கண்டார். முன்னவர் பசியைக் கண்டார். பின்னவர் மதிலைக் கண்டார். மருத்துவர்க்கு இரு காட்சியும் வேண்டப்படுவன.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980-இல் வெளியிட்ட நோய்வகைக் கைந்நூலின் மூன்றாம் பதிப்பில் இது ஆளுமைக் கோளாறுகளுள் ஒன்றாக இடம்பெற்றது. அந்நூலின் பிற்பதிப்புகள் ஒன்பது அடையாளங்களை வகுத்து, அவற்றுள் ஐந்தேனும் வேண்டுமென விதித்தன. தன் சிறப்பை மிகைப்படுத்தல், வரம்பற்ற வெற்றிக் கனவு, தான் தனிப்பிறவி என்னும் எண்ணம், ஓயாத பாராட்டு வேட்கை, தனக்கெனத் தனியுரிமை கோருதல், பிறரைக் கருவியாக்கல், பிறர் துன்பம் உணராமை, பொறாமை, இறுமாப்பு என்பன அவை. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் வகைப்பாடோ, 2022-இல் நடைமுறைக்கு வந்தபோது இப்பெயரைத் தனிநோயாகக் கொள்ளவில்லை. ஆளுமைக் கோளாறு இலேசானதோ, நடுத்தரமானதோ, கடுமையானதோ என அளந்து, அதனோடு குணக்கூறுகளைச் சேர்த்துரைக்கும் முறையை அது மேற்கொண்டது. நோயின் பெயரினும் அது விளைக்கும் கேட்டின் அளவே முதன்மையானது என்பது இம்மாற்றத்தின் கருத்து.

அணுவும் ஆணவமும்

இவ்வாராய்ச்சிகளின் சாரத்தைச் சைவ மாணாக்கர் அறிந்த சொல்லொன்றே விளக்கவல்லது. ஆணவம் என்னும் சொல்லை உலகவழக்கிற் செருக்கு என்னும் பொருளில் ஆள்வர். சித்தாந்திகளோ அச்சொல்லை அணு என்பதன் வழிவந்ததாகக் கொண்டு, வியாபகமாகிய ஆன்மாவை அணுப்போற் சுருங்கச் செய்வதே ஆணவம் என விளக்குவர். பெருக்கச் செய்வதென எண்ணப்படும் ஒன்று உண்மையிற் சுருங்கச் செய்வது என்னும் இக்கருத்து நுட்பமானது. ஆணவமலம் எல்லா உயிர்க்கும் பொது. தன்மோக நோயோ சிலர்க்கே உரியது. ஆதலின் இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும், பெருமையாகத் தோன்றுவதன் உள்ளே சிறுமையொன்று ஒடுங்கிக் கிடக்கின்றது என்னும் உண்மையை இரண்டும் உணர்த்துகின்றன.

காவியங்களும் இதற்குச் சான்று பகர்வன. இரணியன் மூவுலகையும் அடக்கியும் அமைதியுற்றானல்லன். கல்விச்சாலையிலே சிறுவர் ஓதும் மந்திரத்திலும் தன் பெயரே ஒலித்தல் வேண்டுமென விரும்பினான். தன் மகன் ஒருவனது வாய் அப்பெயரைக் கூற மறுத்தவுடன் அவன் பெருமை முழுதும் ஆட்டங்கண்டது. உலகனைத்தும் வணங்கியும், வணங்காத ஒருவனாற் கலங்கும் பெருமை எத்துணை எளியது! துரியோதனன் மயன் சமைத்த மண்டபத்திலே தரையென மயங்கி நீரில் வீழ்ந்தபோது எழுந்த நகையொலியும் அத்தகையதே. உடற்புண் ஆறியிருக்கும், நகைக்கப்பட்ட புண் ஆறவில்லை. வெட்கம் சினமாக மாறும் இவ்விந்தையே தன்மோக நோயின் உயிர்நிலை எனலாம்.

இற்றைநாள் மருத்துவர் இந்நோய் இரு கோலங்களில் வருமென்பர். ஒன்று வெளிப்படையான இறுமாப்பு. மற்றொன்று நாணமும் ஒதுக்கமும் உடையது. இரண்டாம் வகையினர் கூட்டத்திற் பேசார், மேடையேறார், ஆயின் தமக்குரிய மதிப்பை உலகம் தரவில்லையென உள்ளே புழுங்குவர். ஒருவரிடத்தே இரு கோலமும் மாறிமாறி வருதலும் உண்டு. காலையில் அரசனாய் இருந்தவன் மாலையில் தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்பான்.

மலையகத்தின் படிக்கட்டு

இனி, இந்நோயை மலையகத்தில் ஆராய்வதற்கு அந்நிலத்தின் வரலாறு ஏன் வேண்டும் என்பதை நோக்குவோம். 1820-களிற் கோப்பிப் பயிருக்கெனத் தொடங்கி, 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்தூராவில் தேயிலை பயிரிட்டதன் பின்னர் விரிந்த தோட்ட வாழ்வு, செங்குத்தான படிக்கட்டொன்றை ஒத்தது. உச்சியிலே பங்களாவும் துரையும். இடையே கணக்கப்பிள்ளையும் பெரிய கங்காணியும். அடியிலே லயத்துக் காம்பராவும் தொழிலாளரும். பெரிய கங்காணிக்குத் தொழிலாளரின் தலையெண்ணிக்கைப்படி தலைக்காசு கிடைத்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த துண்டு என்னும் சீட்டு 1921-இற் சட்டத்தால் ஒழிக்கப்படுமட்டும் அவனைக் கட்டி வைத்திருந்தது. 1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாற் பங்கிட்டது. எஞ்சியோர் குடியுரிமைச் சிக்கல் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தீர்வு கண்டது.

தோட்டத்து வழக்கிலுள்ள சொல்லொன்று இவ்வரலாற்றின் உளப்பொருளைக் காட்டும். ஒருநாள் வேலைக்குரிய பதிவைப் பேர் என்பர். குறித்த அளவு கொழுந்து நிறுவையில் இல்லாவிடின் அரைப்பேர் என்பர். ஒருவரது பெயரே ஒவ்வொரு மாலையும் தராசிலேற்றி நிறுக்கப்படும் இடத்தில், தன்மதிப்பு என்பது உள்ளிருந்து ஊறும் ஊற்றாக இருத்தல் எளிதன்று. அது மேலிருப்பார் அளந்து தரும் படியாகிவிடுகின்றது.

இதனால் மூன்று நிலைகளைப் பிரித்தறிதல் மருத்துவர்க்குக் கடனாகின்றது. முதலாவது, உரிமை கோரும் தன்மானம். 1931-இல் அட்டனைக் களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளரைச் சங்கமாக்கிய கோ. நடேசய்யர், பாடிப் பாடி அவ்வியக்கத்தை வளர்த்த மீனாட்சியம்மையார் ஆகியோர் எழுப்பியது இதுவே. அக்காலத்து அதிகாரத்தில் இருந்தோர் இதனைத் திமிர் எனப் பெயரிட்டிருப்பர். இன்றும், எதிர்த்துக் கேள்வி கேட்கும் தொழிலாளியைக் குறித்து அச்சொல் எழுதல் உண்டு. இது நோயன்று, நலத்தின் அறிகுறி. இரண்டாவது, பதவி தந்த மிடுக்கு. துரையின் முன் குனிந்தவர் தமக்குக் கீழிருப்பவர் முன் துரையாதல் படிக்கட்டு வாழ்வின் இயற்கை. பதவி நீங்கின் இது பெரும்பாலும் நீங்கும். மூன்றாவதே நோய். அது பதவி இருப்பினும் இல்லாவிடினும், வயலிலும் வீட்டிலும் நட்பிலும் ஒரே வடிவினதாய், நெடுங்காலம் நிலைத்துத் தன்னையும் சூழ்ந்தோரையும் வருத்துவது.

மேனாட்டு நோய்ப்பெயரைக் கீழ்நாட்டில் ஆளுங்கால் விழிப்பு வேண்டுமென்பதை இலங்கையின் மானிடவியல் அறிஞர் கணநாத் ஒபேசேகர 1985-இல் மனச்சோர்வு பற்றிய கட்டுரையொன்றில் வற்புறுத்தினார். அவ்வெச்சரிக்கை தன்மோகத்திற்கும் பொருந்தும். இந்தியரிடத்தே தன்மதிப்பு தனியாளின் உடைமையாக மட்டும் அமையாது, குடும்பத்தின் பெயரோடு பிணைந்து நிற்கும் என்பதை அலன் ரோலண்ட் என்னும் உளப்பகுப்பாளர் 1988-இல் எழுதிய நூலிற் காட்டினார். “என்னை மதிக்கவில்லை” என்பதினும் “எங்கள் குடும்பத்தை மதிக்கவில்லை” என்பதே மலையகத்து மருத்துவரின் காதில் விழும் சொல்லாக இருத்தல் இயல்பு. குடும்பப் பெருமையைப் பேசுவோர் யாவரையும் நோயாளர் என்றல் அறியாமையாம்.

ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்தின் பொருட்டு ஒரு கற்பனை எடுத்துக்காட்டை எண்ணுதல் தகும். ஒரு லயத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்த இளைஞன் ஒருவன். தாய் கொழுந்தெடுப்பவள். தந்தை தாம் பெறாத வாழ்வனைத்தையும் இம்மகன் பெறுவான் என நம்பியவர். வீட்டில் முட்டையும் பாலும் அவனுக்கே. காம்பராவில் விளக்கருகே உள்ள இடமும் அவனுக்கே. அவனுடைய தங்கை பதினாறு வயதிற் படிப்பை நிறுத்தி மலைக்குச் சென்றாள். புள்ளிகள் குறைந்த நாளில் அவ்வீட்டில் எவரும் பேசார். புள்ளிகள் மிகுந்த நாளில் லயம் முழுவதும் அவன் பெயர் ஒலிக்கும். பிராய்ட் கூறிய முடிசூட்டு விழா இதுவே. அதனைச் செய்தோரைப் பழித்தல் அறமன்று. வறுமை தனக்கிருந்த ஒரேயொரு விதைநெல்லைக் காத்தது, அவ்வளவே. ஆயினும் அவன் அறிந்துகொண்ட பாடம் வேறு: வென்றாற் பெருமகன், தோற்றால் ஒன்றுமில்லாதவன், இவ்விரண்டுக்கும் இடையே சாதாரண மனிதன் ஒருவனுக்கு இடமில்லை.

பல்கலைக்கழகத்தில் அவன் பலருள் ஒருவனானான். தன்னிலும் வல்லோரைக் கண்டபோது வியப்பு எழவில்லை; வெறுப்பு எழுந்தது. விரிவுரையாளர் திருத்திய கட்டுரையைக் கிழித்தெறிந்தான். தோழரிடம் தன் ஊரைக் கூறாது மறைத்தான். விடுமுறையில் வீடு திரும்பியபோது, கறைபடிந்த விரல்களால் தாய் பரிமாறிய உணவை உண்ண மறுத்தான். தங்கையின் சம்பளத்திற் பணம் கேட்டான், நன்றி கூறவில்லை. ஒரு தேர்வில் தவறியதை மாமன் ஒருவர் பலர் முன்னிலையிற் கேலிசெய்ய, அன்றிரவே உயிரை மாய்த்துக்கொள்வதாகக் கூறினான்.

இத்தகையோன், “எனக்குத் தன்மோகம்” என்று கூறிக்கொண்டு மருத்துவரிடம் வருவதில்லை. உறக்கமின்மை, மனச்சோர்வு, குடி, தற்கொலை முயற்சி, மனைவியின் முறைப்பாடு என்னும் வாயில்களின் வழியே இந்நோய் வெளிப்படும். முதலில் அதனைக் காண்பவர் தோட்ட மருந்தகத்தின் வைத்திய உதவியாளராக இருக்கலாம். பின்னரே டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையோ அவனைக் காணும்.

இனங்காணும் முறை

இனங்காண்பதில் முதற்கடன் வேறு நோய்களை விலக்குதல். சில நாட்களிலோ வாரங்களிலோ திடீரெனத் தோன்றிய பெருமிதம், உறக்கத் தேவை குறைதல், ஓயாத பேச்சு, கைமீறிய செலவு ஆகியவற்றோடு கூடியிருப்பின், அது இருமுனை மனநோயின் எழுச்சிநிலையாக இருக்கலாம். அதற்கு மருந்துண்டு, காலந்தாழ்த்தல் தீது. போதைப்பொருளும், மூளையின் முற்பகுதிக்கு நேர்ந்த காயமும் இத்தகைய மாற்றத்தை விளைக்கக் கூடும். தன்மோகமோ இளமையின் இறுதிக்குள் வேரூன்றி ஆண்டுகள் பலவாகத் தொடர்வது.

இரண்டாவது, வயதை நோக்குதல். பதினைந்து வயது மாணவன் தன்னை உலகின் நடுவிலே நிறுத்திக் காண்பது வளர்ச்சியின் ஒரு படி. அதற்கு நோய்ப்பெயர் சூட்டலாகாது. மூன்றாவது, பல வாய்களிற் கேட்டறிதல். நோயாளி தன்னைப் பற்றிக் கூறுவது நிழலைப் பற்றிய செய்தியே. தாயும் தங்கையும் தோழரும் கூறுவன சேர்ந்தே உருவம் புலப்படும். நான்காவது, மருத்துவர் தம்முள்ளே எழும் உணர்ச்சியை நோக்குதல். ஒரு நோயாளியின் முன்னே தாம் மிகப் பெரியவர் என்றோ, முற்றிலும் பயனற்றவர் என்றோ, அன்றி அங்கு இல்லாதவர் போலவோ உணர்வாராயின், அவ்வுணர்ச்சியும் ஓர் அறிகுறியே. அந்நோயாளியின் வீட்டார் நாள்தோறும் உணர்வது அதுவாகும்.

எல்லாவற்றினும் முதன்மையானது உயிர்க்கேட்டை உசாவுதல். இலங்கையில் 1995-ஆம் ஆண்டளவில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் இறந்தனர். கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதனால் அவ்வீதம் பிற்காலத்திற் பெரிதும் வீழ்ந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமெனக் கருதிய சட்டப்பிரிவும் 1998-இல் நீக்கப்பட்டது. ஆதலின் உதவி நாடுவோர் சட்டத்திற்கு அஞ்ச வேண்டுவதில்லை. தன்மோகமுடையோர் நெடுநாள் சோர்வு காட்டாமலே, அவமானம் நேர்ந்த சில மணி நேரத்துள் உயிரை மாய்க்க முனைதல் கூடும். தேர்வு முடிவு, காதல் மறுப்பு, பலர் முன்னிலையிற் கேட்ட கேலி ஆகியவை நேர்ந்த நாட்களில் அவர்களைத் தனியே விடலாகாது. நஞ்சு மருந்துகளைப் பூட்டி வைத்தலும், “சாக எண்ணுகிறீர்களா?” என்று வெளிப்படையாகவும் பரிவோடும் கேட்டலும் உயிர்காக்கும் செயல்கள். அவ்வினா அவ்வெண்ணத்தைத் தூண்டுமென அஞ்சுதல் வேண்டா. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும், 1974-இல் தோன்றிய சுமித்ரயோ அமைப்பும் இத்தகையோர்க்குத் துணையாவன.

சிகிச்சை

தன்மோகத்தைத் தீர்ப்பதற்கெனத் தனி மருந்து யாதுமில்லை. உடன்வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் குடிக்கும் மருந்துண்டு. ஆளுமையைப் பேச்சுவழிச் சிகிச்சையே மெல்ல மாற்றும். அச்சிகிச்சை மாதங்களையன்றி ஆண்டுகளை வேண்டுவது. இடையிலே விட்டு நீங்குவோர் பலர்.

நீங்குவதற்குக் காரணம், சிகிச்சையே அவர்களுக்கு அவமானமாகத் தோன்றுதல். உதவி கேட்பது தன் குறையை ஒப்புக்கொள்வதாகும் என எண்ணுவோன் வாயிலிலேயே தயங்குவான். இங்கே மருத்துவர் இரு பள்ளங்களுக்கு இடைப்பட்ட ஒற்றையடிப் பாதையில் நடத்தல் வேண்டும். ஒரு பள்ளம் முகத்துதி. அவன் கூறும் பெருமையையெல்லாம் ஆமோதிப்பின் எக்கோவின் நிலையே மருத்துவர்க்கு நேரும்; பசி தணியாது வளரும். மற்றொரு பள்ளம் அடக்குதல். “உன் தலைக்கனத்தை இறக்குகின்றேன்” என முனைவோர், அந்நோயை முதலில் விளைத்த அவமானத்தையே மீண்டும் ஊட்டுவர். தோட்டத்துப் படிக்கட்டில் தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தப்பட்ட குடியிலே பிறந்த ஒருவனுக்கு இஃது இருமடங்கு நஞ்சாகும்.

பாதை தொடங்குமிடம் சிறியது: அழைக்கும் சொல். நீ என்று ஏவப்பட்டுப் பழகிய குடியின் மகனை, “நீங்கள்” என அழைத்து, குறித்த நேரத்தில் உள்ளே கூப்பிட்டு, எழுந்து செல்லுமட்டும் அவன் கூறுவதைக் கேட்டல் வேண்டும். அவனுக்கு மட்டுமன்றி அவனுக்கு முன்னும் பின்னும் வரும் எல்லார்க்கும் அதே மதிப்பு அளிக்கப்படுவதை அவன் காணல் வேண்டும். மதிப்பு என்பது வெற்றிக்குக் கிடைக்கும் பரிசன்று, மனிதராகப் பிறந்தார் யாவர்க்கும் உரியது என்பதை அவன் சொல்லாற் கற்கான், பட்டறிவாலேயே கற்பான்.

அடுத்து, பெருமைக்குப் பின்னேயுள்ள வெட்கத்தை மெல்லத் தொடுதல். மாமன் கேலி செய்தபோது சினம் வருமுன் யாது உணர்ந்தீர்கள் என வினாவலாம். சினத்திற்கு முன் ஒரு கணம் நின்ற உணர்ச்சியை அவன் பெயரிட்டுக் கூறும் நாளே சிகிச்சையின் முதல் வெற்றி. ஜெப்ரி யங் வகுத்த சிகிச்சைமுறை, இறுமாந்த உருவத்தின் பின்னே தனித்து நிற்கும் குழந்தையைத் தேடச் சொல்கின்றது. பீற்றர் பொனகி, அந்தோனி பேற்மன் ஆகியோர் வளர்த்த முறை, தன் மனத்தையும் பிறர் மனத்தையும் ஊகித்தறியும் ஆற்றலைப் பயிற்றுகின்றது. “தாயின் உணவை நீங்கள் தள்ளியபோது அவர் மனத்தில் என்ன நிகழ்ந்திருக்கும்?” என்னும் வினா இப்பயிற்சியின் பாற்பட்டது. குற்றஞ்சாட்டும் குரலில் அவ்வினா எழுமாயின் பயனில்லை. அறியும் ஆவலோடு எழுதல் வேண்டும்.

மருத்துவரையே அவன் முதலிற் கடவுளாக்குவான். பின்னர் ஒருநாள் காலந்தாழ்த்தியமைக்காகவோ கொட்டாவி விட்டமைக்காகவோ தூக்கியெறிவான். அந்நாளைத் தோல்வியெனக் கருதலாகாது. மருத்துவர் தம் தவறைத் தவறென ஒப்பி, உறவை முறிக்காது காப்பாராயின், குறையுடைய ஒருவர் மதிப்பிழவாமல் வாழ்தல் கூடும் என்பதை அவன் கண்ணாரக் காண்கின்றான். கோஹுட்டின் பரிவும் கேர்ன்பேர்க்கின் உறுதியும் கூடுமிடம் இது.

மலையகத்தில் நடைமுறைத் தடைகளும் உள. சிகிச்சைக்கு வரும் ஒவ்வொரு நாளும் தொழிலாளிக்கு ஒரு பேர் இழப்பு. மலைவழியிற் பேருந்துக் கட்டணமும் சேரும். ஆதலின் வாரம் ஒருமுறை என்னும் நகர விதியை வற்புறுத்தாமல், மாதம் ஒருமுறையேனும் தவறாத நாளும் நேரமும் குறித்தல் நன்று. சந்திப்பு அரிதாயினும் ஒழுங்காயிருத்தலே மருந்து. தாய்மொழியிற் பேசுதலும் இன்றியமையாதது. வெட்கத்தைக் குறிக்கும் சொற்களை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வழியே கூறச் செய்வது அவ்வெட்கத்தை இரட்டிப்பதாகும்.

இல்லத்தாரின் இடம்

நார்சிசஸின் கதையில் எக்கோவை யாவரும் மறந்துவிடுகின்றனர். மருத்துவர் மறத்தல் ஆகாது. மேற்கூறிய எடுத்துக்காட்டில் படிப்பிழந்தவள் தங்கை. அவளுக்கு நோய்ப்பெயர் இல்லை, ஆதலால் சிகிச்சையும் இல்லை. அவளைத் தனியே அழைத்து அவள் கூற விரும்புவதைக் கேட்டல் சிகிச்சையின் ஒரு பகுதியே.

இல்லத்தார்க்குக் கூறத்தக்கவை சில. அவனை அரசனாக்குதலும் அவமதித்தலும் ஒருங்கே நிறுத்தப்படல் வேண்டும். பணத்திற்கும் பேச்சிற்கும் எல்லை குறித்து, அவ்வெல்லையை அமைதியாகக் காத்தல் வேண்டும். அவன் செய்யும் சிறு உதவியை மிகைப்படுத்தாமல் ஏற்றல் வேண்டும். அன்பு பூண்டிருத்தல் அடிபட்டிருத்தல் ஆகாது. கைநீட்டும் இடத்தில் சிகிச்சை பின்னது, பாதுகாப்பு முன்னது. 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அத்தகையோர் நீதிமன்றப் பாதுகாப்புக் கோர வழிவகுத்துள்ளது. நோய் ஒருவனது செயலுக்கு விளக்கமாகலாம். பிறர்பட்ட புண்ணுக்கு ஈடாகாது.

ஊரும் கல்லூரியும்

தன்மதிப்பின் ஊற்றுக்கள் மருத்துவமனையில் மட்டும் இல்லை. தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றை இந்நோக்கிற் காணலாம். பகலிற் பதிவேட்டில் ஒரு பேராக நின்றவர் இரவில் அருச்சுனனாகத் தவக்கம்பம் ஏறுகின்றார். ஊர்முழுவதும் விழித்திருந்து அவர் முகம் நோக்குகின்றது. விடிந்தபின் அவர் வேடங் களைந்து மீண்டும் மலைக்குச் செல்கின்றார். பெருமையை ஏற்று அணியவும், உரிய வேளையில் கழற்றி வைக்கவும் பயிற்றும் இக்கலை, கோஹுட் கூறிய மலர்ந்த முகத்தை ஓர் ஊரே ஒருங்கு அளிப்பதாகும். நோயாளியோ வேடத்தைக் கழற்ற அஞ்சுபவன். அதன் அடியில் தான் இல்லையென எண்ணுபவன்.

கல்லூரிகளின் பொறுப்பும் இவ்விடத்தே புலனாகின்றது. முதற் புள்ளி பெற்ற மாணவனின் படத்தை மதிலில் ஒட்டுவது எளிது. அவனே மறுமுறை தவறியபோது அதே ஆசிரியர் அதே முகமலர்ச்சியோடு அவனை வரவேற்பாராயின், அவன் பெறும் கல்வி புள்ளிகளுக்கு அப்பாற்பட்டது. பாராட்டு முயற்சிக்கும் நேர்மைக்கும் உரியதாகுக. திருத்தம் பிறர் முன்னிலையிலன்றித் தனியிடத்தே நிகழ்க. லயத்திலிருந்து வந்தேன் எனக் கூசாது கூறவல்ல மாணவனும், அதனைக் கேட்டுக் குறைவாக எண்ணாத தோழனும் ஒரு வகுப்பில் இருப்பாராயின், அங்கே தன்மானம் தழைக்கும். தன்மோகத்திற்கு வேண்டிய இருள் குறையும்.

தாழ்த்தப்பட்டோர்க்கு வேண்டியது நிமிர்வு. பொய்ந்நிமிர்வுற்றோர்க்கு வேண்டியது தம்மைத் தாமே சாதாரண மனிதராகக் காணும் துணிவு. இவ்விரண்டையும் அளிக்கும் மருந்து ஒன்றே: முகத்துதியும் இகழ்ச்சியும் கலவாத, ஏறாமலும் இறங்காமலும் நிலைத்து நிற்கும் மதிப்பு. அதனை அளவறிந்து வழங்குவோரே உளமருத்துவர். அதனை நாள்தோறும் வழங்கும் வீடும் பள்ளியும் ஊரும் அமையுமாயின், உளமருத்துவரை நாடும் தேவையும் ஒருவாறு குறையும்.